நாம் நிற்கும் இடம் எது?

(கல்விக் கழக வெள்ளி விழாவின் மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

விழா என்றால் வாழ்த்துரை வழங்குவது மரபு. நம்மினும் தகுதி வாய்ந்தோர் அதனைச் செவ்வனே செய்து முடித்துவிட்டனர். நாமோ வகுப்பறையில் நின்றே பழகியவர்கள். கையில் சுண்ணக்கட்டி இல்லாவிடில் நமக்குப் பேச்சு வாராது. ஆகவே விழாக் குழுவினரின் இசைவோடு இன்று ஒரு பாடம் நடத்த விரும்புகிறோம். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்னும் பாடம் அது. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினா என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாடம் என்று மாணவர்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்திருந்து கேட்க வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், விழுப்புரம் மாவட்டத்தில் நாம் பணியாற்றும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் மாவட்ட வரைபடத்தை மாட்டி, "அவரவர் ஊரைத் தொட்டுக் காட்டுங்கள்" என்றோம். ஒவ்வொருவராக வந்து காட்டினர். ஒரு மாணவி மட்டும் நெடுநேரம் தேடினாள். பின்பு திரும்பி, "ஊர் இருக்கிறது ஐயா, எங்கள் தெரு இல்லை" என்றாள்.

"உங்கள் தெரு எங்கே இருக்கிறது அம்மா?" என்று வினவினோம்.

"ஊருக்குக் கிழக்கே ஐயா" என்றாள்.

அவ்விடை அன்று இரவு நம்மை உறங்க விடவில்லை. நம் பெற்றோரும், அவர்தம் பெற்றோரும் இவ்வாறே விடை சொல்லி வந்தனர். ஊருக்குக் கிழக்கே, ஏரிக்கரைக்கு அப்பால், சுடுகாட்டுப் பாதைக்கு இப்பால். நம் இடம் எப்பொழுதும் பிறர் இடத்தைக் கொண்டே சொல்லப்பட்டது. 'ஊர் எங்கே இருக்கிறது?' என்று கேட்டவர்க்கு, 'அந்தத் தெருவுக்கு மேற்கே' என்று எவரும் விடை பகர்ந்ததில்லை. இடத்தைக் குறிக்க ஓர் அடையாளம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவ்வடையாளத்தைத் தேர்ந்தவர் யார்? இதுவே நம் பாடத்தின் முதல் வினா.

ஒரு தாளில் புள்ளியின் இடத்தைச் சொல்வது எளிது. இடப்பக்க ஓரத்திலிருந்து இத்தனை விரற்கடை, அடி ஓரத்திலிருந்து இத்தனை விரற்கடை என்று சொல்லிவிடலாம். ஆனால் உலகம் உருண்டை. உருண்டைக்கு ஓரம் ஏது? பந்தின்மேல் ஊரும் எறும்புக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

நல்வாய்ப்பாக, உலகம் சுழலும் உருண்டை. சுழல்வதால் அதற்கு ஓர் அச்சு உண்டு. அச்சின் இரு முனைகளே வடதுருவமும் தென்துருவமும். இரண்டிற்கும் நடுவே உலகை வளைத்துச் செல்வது நிலநடுக்கோடு. அதனைச் சுழியம் எனக் கொண்டு, துருவம் வரை 90 பாகைகளாகப் பகுத்துள்ளனர். ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகையில் இருக்கிறோம் என்று கூறுவதே அட்சம். கன்னியாகுமரி வடக்கு 8 பாகை. சென்னை வடக்கு 13 பாகை. இந்தச் சுழியத்தை எந்த மன்னனும் வகுக்கவில்லை. அஃது இயற்கை வகுத்தது.

தீர்க்கக்கோட்டின் கதை வேறு. வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை கோடுகள் வரையலாம். ஆனால் அவற்றுள் முதற்கோடு எது? இயற்கை வாய் திறக்கவில்லை. எனவே ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய இடத்தில் அதனை வைத்துக்கொண்டனர். தாலமி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் தொடங்கினார். நம் நாட்டுச் சூரிய சித்தாந்தம் உச்சயினி வழியாகக் கோடு வரைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பாரிசிலும், ஆங்கிலேயர் இலண்டனை அடுத்த கிரீனிச்சிலும் தொடங்கினர். முடிவாக 1884ஆம் ஆண்டில் வாசிங்டனில் 25 நாட்டுப் பேராளர்கள் கூடி வாக்கெடுத்தனர். கிரீனிச்சுக்கு ஆதரவாக 22 நாடுகளும் எதிராக ஒரு நாடும் வாக்களித்தன. பிரான்சும் பிரேசிலும் நடுநிலை வகித்தன. அன்று இங்கிலாந்தின் கப்பல்களும் கடல் வரைபடங்களுமே உலகில் மிகுதி. ஆதலின் கோடு அங்கே சென்றது.

மாணவர்கள் இதனை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு சுழியம் இயற்கை வகுத்தது. மற்றொரு சுழியம் மனிதர் கூடி முடிவு செய்தது. எது இயற்கை, எது மனிதர் ஏற்பாடு என்று பிரித்தறிவதே கல்வியின் பயன். மனிதர் செய்த ஏற்பாட்டை 'இது படைப்பிலேயே உள்ளது' என்று எவரேனும் உரைத்தால், 'எந்த ஆண்டு, எந்த அவையில் முடிவானது?' என்று நாம் பணிவோடு கேட்கலாம்.

எனினும் இவ்வேற்பாட்டில் ஒரு நேர்மை உண்டு. கோடுகளை ஒருமுறை வகுத்த பின்னர், அரண்மனைக்கும் குடிசைக்கும் கணக்கு ஒன்றே. எந்த வீடும் மற்றொரு வீட்டின் பெயரால் அழைக்கப்படுவதில்லை.

இனி, நாம் நிற்கும் இடத்தை எவ்வாறு கண்டறிவது என்று பார்ப்போம். அட்சம் காண்பது எளிது. துருவ விண்மீன் வட அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறத்தாழ நம் அட்சம். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நம் பகுதியில் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேலே ஒரு முட்டிக்குச் சற்று உயரத்தில் நிற்கும். அராபிய மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகை ஒன்றைக் கொண்டே இவ்வுயரத்தை அளந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்தனர்.

பகலில் ஒரு குச்சி போதும். மார்ச்சு 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களையொட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. அன்று நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் கன்னியாகுமரியில் 14 சென்டிமீட்டர். சென்னையில் 23 சென்டிமீட்டர். தில்லியில் 54 சென்டிமீட்டருக்கும் மேல். குச்சியையும் நிழலையும் சிறிய அளவில் தாளில் வரைந்து, உச்சிக் கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் அதுவே அட்சம்.

தீர்க்கம் காண்பது கடினம். காரணம், உலகம் கிழக்கு நோக்கிச் சுழன்றுகொண்டே இருக்கிறது. கிழக்கே உள்ளோர்க்கு இப்பொழுது தெரியும் அதே வானம், சற்றுப் பொறுத்து மேற்கே உள்ளோர்க்கும் தெரியும். ஆதலின் கிழக்கு மேற்கு வேறுபாடு என்பது உண்மையில் நேர வேறுபாடே. உலகம் 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் முன்னோர் கணக்கில் ஒரு நாளைக்கு 60 நாழிகை. எனவே ஒரு நாழிகைக்கு 6 பாகை. நாம் இருக்குமிடத்தில் நண்பகலாகும்போது முதற்கோட்டில் மணி என்ன என்று தெரிந்தால், தீர்க்கம் தெரிந்துவிடும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் 300 ஆண்டுகளுக்கு முன், அலையில் ஆடும் கப்பலில், வெப்பத்திலும் குளிரிலும் பிசகாமல் ஓடும் கடிகாரம் உலகில் எங்கும் இல்லை. தம் இடம் அறியாமல் கப்பல்கள் பாறைகளில் மோதின. 1707ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயக் கடற்படையின் நான்கு கப்பல்கள் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். 1714இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் ஒரு பரிசை அறிவித்தது. கடலில் தீர்க்கத்தை அரைப் பாகைக்குள் கண்டறிய வழி சொல்வோர்க்கு 20,000 பவுன். அரைப் பாகை என்பது இரண்டு நிமிட நேரம். ஆறு வாரப் பயணத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிழை கூடாது எனில், கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று வினாடிக்கு மேல் தவறலாகாது.

வானவியல் அறிஞர்கள் சந்திரனையும் விண்மீன்களையும் கொண்டே இதற்கு விடை காண முடியும் என்று கருதினர். விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. சான் அரிசன் என்பவர் 1693இல் யார்க்சயரில் பிறந்தவர், தச்சரின் மகன், தாமும் தச்சர். பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவரல்லர். இருபது வயதில் மரத்தாலேயே கடிகாரம் செய்தார். எண்ணெய் உறைந்து சக்கரம் தடைப்படுவதைக் கண்டு, தானே எண்ணெய்ப் பசை உடைய மரத்தைத் தேர்ந்து, எண்ணெய் இடாமலே ஓடும்படி செய்தார். வெப்பத்தில் பித்தளை மிகுதியாகவும் எஃகு குறைவாகவும் நீள்வதை அறிந்து, ஒன்றன் பிழையை மற்றொன்று திருத்துமாறு இரண்டையும் இணைத்தார். மரத்தின் இயல்பும் உலோகத்தின் இயல்பும் கைத்தொழிலால் அவருக்கு வந்த கல்வி.

முதற் கடற்கடிகாரத்தை 1735இல் முடித்தார். அதில் அவரே குறை கண்டு இரண்டாவதைச் செய்தார். மூன்றாவதற்கு மட்டும் ஏறத்தாழ 19 ஆண்டுகள் உழைத்தார். 1759இல் முடிந்த நான்காவது, 13 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பெரிய பைக் கடிகாரம் போன்றது. 1761இல் அவர் மகன் வில்லியம் அதனை எடுத்துக்கொண்டு யமைக்காவுக்குக் கடற்பயணம் சென்றார். 81 நாள்களில் அதன் பிழை ஐந்து வினாடி மட்டுமே!

பரிசு கிடைத்ததா? இல்லை. தீர்க்கக் குழுவினர் தற்செயல் என்றனர். மறு பயணம் வேண்டுமென்றனர். 1764இல் பார்படோசுக்குப் பயணம் நடந்தது. அதிலும் கடிகாரம் வென்றது. கடிகாரத்தைக் கழற்றிக் காட்டு என்றனர். எல்லாக் கடிகாரங்களையும் ஒப்படை என்றனர். பாதிப் பரிசைத் தந்து, மீதிக்குப் புதுப் புது நிபந்தனைகள் விதித்தனர். அரிசன் மனந்தளரவில்லை, ஐந்தாவது கடிகாரத்தைச் செய்தார். அதனை 1772இல் மன்னர் மூன்றாம் சார்சே சோதித்துப் பார்த்தார். முடிவில் 1773இல் நாடாளுமன்றம் அவருக்கு 8,750 பவுன் வழங்கியது. அப்பொழுது அவருக்கு வயது 80. மூன்றாண்டுகளில் மறைந்தார். அவருடைய நான்காம் கடிகாரத்தின் படியொன்றை எடுத்துச் சென்ற கப்பற்றலைவர் குக், 1772 முதல் 1775 வரை உலகைச் சுற்றி வந்து அதனைப் புகழ்ந்தார்.

அறிஞர் குழுவின் மனத்தை மாற்ற அரிசனால் இயலவில்லை. ஆனால் அறிஞர் குழு என்ன சொன்னாலும் கடிகாரம் சரியான மணியையே காட்டிற்று. செய்பொருளில் பிழை இல்லை எனின், செய்தவரின் பிறப்பையும் பட்டத்தையும் கொண்டு அதனை நெடுங்காலம் மறைத்து வைக்க இயலாது. தம் வேலையில் தாமே குறை கண்டு திருத்திக்கொண்டதே அவருடைய வலிமை. தேர்வுத் தாளைத் திருப்பிப் பாராமல் எழுந்து ஓடும் மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

நம் மாநிலத்திற்கும் இக்கதையில் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வான் ஆய்வுக்கூடம் ஒன்றை எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. அங்குக் கணிக்கப்பட்ட தீர்க்கமே இந்திய நில அளவைக்கு அடிப்படையாயிற்று. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, இமயம் வரை நீண்ட பேரளவையைத் தொடங்கினார். அளவைத் தலைவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. வெயிலில் சங்கிலி பிடித்தோர், கொடி தூக்கியோர், கருவிகளை மலைமேல் சுமந்தோர் ஆகியோருள் பெரும்பாலோர் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் தோளின்றி அக்கோடுகள் ஓரடியும் நகர்ந்திரா.

சென்னை நேரம் என்று ஒன்று அக்காலத்தில் வழங்கியது. கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 முதல் வழங்கும் இந்தியப் பொது நேரம், கிழக்கு 82½ பாகைத் தீர்க்கக்கோட்டின் நேரம். கிரீனிச்சுக்கு 5½ மணி முந்தியது. நம் கைக்கடிகாரம் காட்டுவது அக்கோட்டின் நேரமே. நாம் அதற்கு மேற்கே இருப்பதால், நமக்கு நண்பகல் பெரும்பாலான நாள்களில் 12 மணிக்குப் பிந்தியே வருகிறது.

இவ்வளவும் அறிந்தபின், அம்மாணவியின் வகுப்பினரோடு சேர்ந்து நாமே அளந்து பார்க்கத் துணிந்தோம். மார்ச்சு 21ஆம் நாள் பள்ளித் திடலில் ஒரு மீட்டர் மூங்கில் குச்சியை நட்டோம். கொத்து வேலை செய்யும் தந்தை ஒருவர் தம் தூக்குக் குண்டும் இரசமட்டமும் கொண்டுவந்து, குச்சியைச் செங்குத்தாக நிறுத்தித் தரையையும் மட்டம் செய்து கொடுத்தார். எங்களுள் மிகச் சிறந்த பொறியாளர் அன்று அவரே. மிகக் குறுகிய நிழல் 21½ சென்டிமீட்டர், அட்சம் 12.1 பாகை என்று கண்டோம்.

செப்டம்பர் 1ஆம் நாள், பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட அதே மாணவர்கள் தீர்க்கம் கண்டனர். சூரியன் சில மாதங்களில் கடிகாரத்திற்கு முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் செல்லும். ஏப்ரல் 15, சூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களையொட்டி இரண்டும் ஒத்திருக்கும். ஆதலின் அந்நாளைத் தேர்ந்தோம். குச்சியைச் சுற்றி 45 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தோம். நிழலின் நுனி வட்டத்தைக் காலையில் 10 மணி 36 நிமிடத்துக்கும், பிற்பகலில் 1 மணி 50 நிமிடத்துக்கும் தொட்டது. இரண்டிற்கும் நடுவே 12 மணி 13 நிமிடம். அதுவே எங்கள் நண்பகல். 13 நிமிடத்துக்கு 3¼ பாகை. அதனை 82½-இலிருந்து கழிக்க, தீர்க்கம் கிழக்கு 79¼ பாகை.

மாணவி வரைபடத்தில் புள்ளி இட்டாள். புள்ளி உண்மை இடத்துக்கு வடமேற்கே தள்ளி விழுந்தது, வகுப்பே சிரித்தது. கைபேசியில் பார்த்தோம்: வடக்கு 11.9, கிழக்கு 79.5 பாகை. எங்கள் பிழை ஏறத்தாழ 35 கிலோமீட்டர். "ஒரு நிமிடப் பிழைக்கு 27 கிலோமீட்டரா ஐயா!" என்று அவள் வியந்தாள். அன்று அரிசனின் உழைப்பு எத்தகையது என்பது நம் மாணவர்க்குச் சொல்லாமலே விளங்கிற்று. அவள் அப்பிழையைத் திருத்தி, தன் தெரு இருக்குமிடத்தில் மை கொண்டு ஒரு சிறு புள்ளி இட்டு, பக்கத்தில் இரண்டு எண்களை மட்டும் எழுதினாள். 'ஊருக்குக் கிழக்கே' என்று எழுதவில்லை.

'கைபேசியே காட்டிவிடும்போது குச்சி எதற்கு?' என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கைபேசி செய்வதும் அரிசன் செய்ததே. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் உள்ளன. நான்கு கோள்களிலிருந்தேனும் வரும் குறிப்புகள் எவ்வளவு நேரத்தில் வந்தடைந்தன என்று கணித்தே கைபேசி நம் இடத்தைச் சொல்கிறது. அங்கே ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினால், இங்கே 300 மீட்டர் பிழையாகும். அமெரிக்கா 1978இல் இத்தகைய கோள்களை ஏவத் தொடங்கியது. நம் நாடு 2013இல் தனது வழிகாட்டுக் கோள்களின் முதற்கோளைச் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவியது. கைபேசி விடையைத் தரும். விடை எவ்வாறு வந்தது என்பதைக் குச்சியே கற்பிக்கும். வழியறியாமல் விடையை மட்டும் பெறுபவன், சொல்பவர் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டியவனாகிறான். நம் முன்னோர் அவ்வாறு நம்ப வைக்கப்பட்டவர்கள். நம் பிள்ளைகளுக்கு அந்நிலை வேண்டா.

இறுதியாகக் கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலைநேரப் படிப்பு மையம் ஒவ்வொன்றின் முற்றத்திலும் ஒரு மீட்டர் உயரக் குச்சி ஒன்றை நடுங்கள். செலவு ஒன்றுமில்லை. மாணவர்களே நிழலை அளந்து, கணக்கிட்டு, பிழை கண்டு, திருத்தி, முடிந்த முடிபாக வரும் இரண்டு எண்களை மையத்தின் வாயிற் சுவரில் வண்ணத்தால் எழுதட்டும். வழிப்போக்கர் ஒருவர், 'இவை என்ன எண்கள்?' என்று கேட்பார். நம் பிள்ளை ஒன்று முன்வந்து, 'நாங்கள் நிற்கும் இடம் ஐயா. நாங்களே அளந்தோம்' என்று விடை சொல்லும். இக்கழகம் பொன்விழாக் காணும்போது, அச்சுவரின் முன் நின்று அவ்விடையைக் கேட்கும் பேறு நம்முள் சிலருக்கேனும் வாய்க்கட்டும்.